மழைக்கோட்டுத் துண்டும் மஞ்சள் பிடரியும்

எங்கள் தோட்டத்தில் வெட்ட வேண்டிய மரத்துக்கு அடையாளம் கட்டுவது என் வேலை. கட்டிய மரத்தை வெட்டுவதும் நான்தான். தேயிலைக்கு நடுவே நிற்கிற நிழல் மரங்கள் பட்டுப்போனால் காற்றடிக்கிற நாளில் ஆள்மேல் விழுந்துவிடும். அதனால் முன்கூட்டியே பார்த்து, மரத்தில் உயரமாக ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் துண்டைக் கட்டிவிட்டு வருவேன். கட்டையை இழுக்க வரும் டிராக்டர்காரருக்கு அது ரோட்டிலிருந்தே தெரியும். படிப்பு எனக்கு ஆறாம் வகுப்போடு நின்றது. மரத்தைச் சாய்க்கத் தெரியும், சாமி கும்பிடத் தெரியும். இதை எழுத உட்கார்ந்ததுகூட, அந்த இரண்டும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட கதையைச் சொல்லத்தான்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற எங்கள் லயத்துக்கு மேலே மாரியம்மன் கோயில். கோயிலுக்குப் பக்கத்தில், பந்தல் போடுகிற இடத்தை ஒட்டி, ஒரு பட்ட மரம் நின்றது. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"காப்பு கட்டுறதுக்குள்ள அந்த மரத்தைச் சாச்சிடுய்யா. அப்புறம் கை வைக்க முடியாது."

அவர் சொன்னது சரிதான். மஞ்சள் கிழங்கைக் கோத்த கயிற்றைக் கையில் கட்டிக் காப்புப் போட்டுவிட்டால், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் எங்கள் தோட்டத்தில் யாரும் மரம் வெட்டுவதில்லை. பச்சை மரமோ பட்ட மரமோ, கத்தி படக்கூடாது. அப்படித்தான் வழக்கம்.

அன்றைக்கே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். தூறல், பனிமூட்டம், கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. சிவப்புத் துண்டு தீர்ந்துபோயிருந்தது. ஏணியில் ஏறியவன் மறுபடி இறங்கச் சோம்பல்பட்டு, பைக்குள் கிடந்த பழைய மஞ்சள் மழைக்கோட்டின் கையைக் கிழித்துக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். என் சம்சாரம் உரம் போடப் போகும்போது போட்டுக்கொண்டிருந்த கோட்டு அது.

மறுநாள் காலையில் வானம் வெளுத்திருந்தது. மரம் அறுக்கிற மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஏறினேன். மரத்தடியில் கூட்டம். வேரில் குங்குமம், எலுமிச்சம்பழம், வெற்றிலை மேல் சூடம். எங்கள் லயத்து அக்கா ஒருவர், ஆண்டு தவறாமல் பால்குடம் எடுக்கிறவர், கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"தம்பி, பூட்ஸைக் கழட்டிட்டு வா."

"எதுக்குக்கா?"

"கண்ணு அவிஞ்சி போச்சா? மேல பாரு. ராத்திரியோட ராத்திரியா ஆத்தா வந்து மஞ்சத்துணி கட்டிட்டுப் போயிருக்கா. பட்ட மரத்துல! சிலிர்க்குது பாரு எனக்கு."

மேலே பார்த்தேன். என் சம்சாரத்தின் மழைக்கோட்டுக் கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சிரிப்பு முட்டியது. ஆனால் அதற்கு ஒரு முழம் மேலே, மரம் சாய்ந்திருக்கிற பக்கத்தில், ஒரு தம்ளர் வாய் அளவுக்கு ஓட்டை ஒன்று இருந்தது. முந்தின நாள் பனிமூட்டத்தில், மரத்தின் மறுபக்கத்தில் ஏறியதால் நான் அதைப் பார்க்கவில்லை. ஓட்டையிலிருந்து ஒரு பறவை தலையை நீட்டி எங்கள் கூட்டத்தை இப்படியும் அப்படியும் பார்த்தது. பிறகு வெளியே வந்து மரத்தில் ஒட்டிக்கொண்டது. இலைப் பச்சையில் உடம்பு. பிடரியில், குளித்து மஞ்சள் பூசிய கையால் யாரோ தடவிவிட்டது போல, சிலுப்பிக்கொண்டு நிற்கிற மஞ்சள் கொண்டை. மரங்கொத்தி! அது பறந்ததும் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மூடி போட்ட சோற்றுப்பானை கொதிக்கிற மாதிரி, விடாத ஒரு இரைச்சல். உள்ளே குஞ்சுகள்.

"மிஷினுக்கு எண்ணெய் இல்லக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் சம்சாரம் அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"என் கோட்டுக்கா சூடம் காட்டுறாங்க? அதைப் போட்டுக்கிட்டு நான் உரமூட்டை தூக்கினப்ப ஒருத்தரும் ஒரு கை புடிக்க வரலையே!"

"சிரிக்காத புள்ள. போயி உண்மையச் சொன்னா, தலைவரு இன்னைக்கே வெட்டச் சொல்லுவாரு. உள்ள குஞ்சு இருக்கு."

"அப்ப வாய மூடிக்கிட்டு இருங்க. குஞ்சு பறக்குற வரைக்கும் அது சாமி மரமாவே இருந்துட்டுப் போவட்டும் லா."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிட நின்றபோது வாயில் ஒன்றும் வரவில்லை. ஆத்தா கட்டாத துணியை ஆத்தா கட்டியதாக ஊரே கும்பிடுகிறது. அது யார் கட்டியது என்று தெரிந்த ஒரே ஆம்பளை நான். குஞ்சுகளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று ஆத்தாவிடம் சொன்னேன். அவள் சுடர் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது.

திருவிழா வேலைக்கு என்னைத்தான் போட்டிருந்தார்கள். வேலி சரிபார்ப்பது, பந்தல் கம்பு சீவுவது, படிக்குச் சுண்ணாம்பு அடிப்பது. அதனால் நாள் முழுக்க அந்த மரத்துக்கு எதிரிலேயே இருந்தேன். கை வேலை செய்தது, கண் மேலேயே இருந்தது.

மரங்கொத்திகள் இரண்டில் அப்பனையும் ஆத்தாளையும் பிரித்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டுக்கும் பிடரி மஞ்சள்தான். அப்பனுக்குத் தாடையிலும் மஞ்சள் இறங்கியிருந்தது, ஆத்தாளுக்குத் தாடை செம்மண் நிறம். இரண்டில் ஒன்று மரத்துக்கு வரும்போது நேராக ஓட்டைக்கு வராது. கீழே ஒட்டிக்கொண்டு, வாலை மூன்றாவது காலாக ஊன்றி, குதித்துக் குதித்து ஏறும். நான் ஏணியில் ஏறும்போது எத்தனை தடவை வழுக்கியிருக்கிறேன்! இது நெட்டுக்குத்தான மரத்தில் நடைபாதையில் போவது மாதிரி போகும். விரல்களைப் பார்த்தேன்: இரண்டு முன்னுக்கு, இரண்டு பின்னுக்கு. பிடித்தால் பிடித்ததுதான்.

அலகில் இரை எதையும் காணோம், வெறும் வாயோடு வருகிறதே என்று முதலில் வருத்தப்பட்டேன். பிறகுதான் புரிந்தது. தொண்டைக்குள்ளே எறும்பையும் எறும்பு முட்டையையும் அடைத்துக்கொண்டு வருகிறது. குஞ்சின் வாய்க்குள் அலகைவிட்டு, தலையைக் குலுக்கிக் குலுக்கி ஊட்டும். ஒரு குஞ்சுக்குக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கும், அடுத்ததற்குக் கொடுக்கும். போகும்போது குஞ்சின் கழிவை வாயில் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போடும். ஆத்தாள் மட்டும் இல்லை, அப்பனும்தான். பொழுது சாய்ந்து பனி இறங்கும்போது உள்ளே போய்க் குஞ்சுகளோடு படுப்பதும் அப்பன்தான். இதைச் சம்சாரத்திடம் போய்ச் சொன்னேன்.

"நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். "நம்ம புள்ளைங்களுக்கு ஒரு நாளு கால் கழுவி விட்டிருப்பீங்களா?"

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகச் சுண்ணாம்பு வாளியோடு கோயிலுக்குப் போய்விட்டேன்.

மரம் வெட்டுகிறவன் என்பதால் ஓட்டையைத்தான் அதிகம் ரசித்தேன். என் மிஷினுக்குப் பெட்ரோல் வேண்டும், எண்ணெய் வேண்டும், கம்போங் ராஜா டவுனுக்குப் போய்ப் புதுச் சங்கிலி வாங்கி மாட்ட வேண்டும். அப்படியும் நான் அறுத்த இடம் சிலும்பு சிலும்பாக நிற்கும். இது வாயால் கொத்திய ஓட்டை, ஆசாரி இழைத்த மாதிரி விளிம்பு. அதுவும் மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதன் அடிவயிற்றில். எங்கள் மலையில் மழை பக்கவாட்டில் அடிக்கும், குடை பிடித்தாலும் நனைவோம். ஆனால் அந்த ஓட்டைக்குள் ஒரு சொட்டு இறங்காது. யார் சொல்லிக் கொடுத்தது? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அதைத்தான் தினமும் விளக்கு முன்னால் சொல்லிக் கும்பிடுகிறேன்.

இதற்கிடையில் மரத்தின் பெயர் பரவிவிட்டது. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து கும்பிட்டார்கள். கியா பார்மில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பம் கூடை நிறையச் சாமந்தியோடு வந்து மரத்துக்கு மாலை சுற்றிவிட்டுப் போனது. வேர்ப் பொந்தில் யாரோ அகல் வைத்தார்கள். சூடத் தட்டு பெரிதாகிக்கொண்டே போனது.

காப்புக் கட்டுக்கு முந்தின நாள். காலையிலிருந்து ஆள் வந்துகொண்டே இருந்தது. சூடப்புகை கறுப்பாக எழுந்து, மரத்தைத் தழுவிக்கொண்டு நேராக ஓட்டை வரைக்கும் போனது. ஆத்தாள் மரங்கொத்தி தொண்டை புடைக்க வந்தது. புகையைப் பார்த்து ஓடை ஓரத்து மரத்துக்குத் திரும்பியது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது. அப்பனும் வந்து அப்படியே. இரண்டும் அங்கேயே உட்கார்ந்துகொண்டு கத்தின. ஓட்டைக்குள் இரைச்சல் முதலில் அதிகமானது. பிறகு குறைந்தது. மத்தியானத்துக்கு மேல் காதைக் கூர்மையாக்கினால்தான் கேட்டது. அகல் சுடர் காய்ந்த வேரை நக்கிக்கொண்டிருந்தது. பட்ட மரம், பிடித்துக்கொண்டால் அணைக்க முடியாது.

என் வாயை மூடி எந்தக் குஞ்சுகளைக் காப்பாற்ற நினைத்தேனோ, அவற்றை அந்த மூடிய வாயே கொல்லப் பார்த்தது. அகலை எடுத்து அணைத்துவிட்டு நேராகக் கோயில் மண்டபத்துக்குப் போனேன். தலைவர் இருந்தார். அக்காவும் மற்றப் பெண்களும் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தலைவரே, அந்த மரத்துல இருக்கிறது சாமித் துணி இல்ல. வெட்டுறதுக்கு நான் கட்டுன அடையாளம். ரெயின்கோட்டுத் துண்டு."

பூத்தொடுக்கும் கைகள் நின்றன. யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து என் முன்னால் வந்து நின்றார்.

"என்னடா சொல்ற? இத்தனை நாளா என்னைய ரெயின்கோட்டைக் கும்பிட வச்சிட்டியா?"

"நான் கும்பிடச் சொல்லலையேக்கா…"

"சொல்லலதான். பாத்துக்கிட்டு நின்ன இல்ல? நீயெல்லாம் ஒரு தம்பி!"

தலைவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி விடுக்கா. நல்லதாப் போச்சு. டேய், இன்னும் வெளிச்சம் இருக்கு. போயி மிஷினை எடுத்துட்டு வா."

"தலைவரே, அதுல மரங்கொத்தி குஞ்சு பொரிச்சிருக்கு. இன்னும் பறக்கல. வெட்டுனா செத்துரும்."

"அதுக்கு? பந்தலுக்குள்ள நூறு பேரு உக்காந்து சாப்புடுவாங்க லா. காத்துல மரம் சாஞ்சு ஒரு புள்ள மேல விழுந்தா நீ வந்து பதில் சொல்லுவியா? ஆத்தா சொல்லுவாளா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. மரம் விழுந்தால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதற்குள் அக்கா மண்டபத்தை விட்டு இறங்கிவிட்டார். கோபத்தில் வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். மரத்தடிக்குத்தான் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

சூடம் அணைந்து புகை கலைந்திருந்தது. அக்கா கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓடைப் பக்கத்திலிருந்து பச்சையாக ஒன்று பறந்து வந்து மரத்தில் அப்பியது. அப்பன். எங்கள் இத்தனை பேரையும் பார்த்துவிட்டு, தயங்கி, ஒரு குதி, இன்னொரு குதி என்று ஏறியது. ஓட்டையில் ஒரு குஞ்சுத்தலை எட்டிப் பார்த்தது. சத்தம் போடக்கூட அதற்கு முடியவில்லை, வாயை மட்டும் திறந்தது. அப்பன் அலகை உள்ளே விட்டுக் குலுக்கிக் குலுக்கி ஊட்டியது. அந்தக் குலுக்கலில் மஞ்சள் பிடரி விரிந்து விரிந்து மூடியது. சாயங்கால வெயில் அதில் விழுந்தது.

"அய்யோ, என் சாமி" என்றார் அக்கா, மெதுவாக. "மஞ்ச பூசிக்கிட்டு வந்து புள்ளைக்குச் சோறு ஊட்டுது."

பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "பந்தலை அந்தப் பக்கமாப் போடுங்க தலைவரே. தேரு திரும்புற எடம் கொஞ்சம் குறுகும். குறுகட்டும். நான் ஆத்தாகிட்டப் பால்குடத்தோட வரணும்ல. புள்ளையும் குட்டியுமா இருக்கிறதை வெட்டிப்போட்ட எடத்துல நின்னு அவகிட்ட என்னத்தைக் கேப்பேன்?"

தலைவர் என்னைப் பார்த்தார். "மரம் விழாதுன்னு உன்னால சொல்ல முடியுமா?"

"சொல்ல முடியாது தலைவரே. ஆனா விழுந்தா எந்தப் பக்கம் விழணும்னு என்னால கட்ட முடியும்."

"அப்ப கட்டு. காலையில நானே வந்து இழுத்துப் பாப்பேன்."

என் வாழ்க்கையில் எத்தனையோ மரத்தைக் கட்டிச் சாய்த்திருக்கிறேன். சாயாமல் இருக்கக் கட்டியது அது ஒன்றுதான். ஓடைப் பக்கத்து மேட்டில் இருந்த இரண்டு பழைய அடிக்கட்டையில் டிராக்டர் இரும்புக் கயிற்றைச் சுற்றி, விழுந்தாலும் கோயில் பக்கம் வராமல் ஓடைப் பக்கம் போகிறபடி இழுத்து முறுக்கினேன். கயிறு போட ஏணியில் ஏறியபோது அப்பனும் ஆத்தாளும் தலைக்கு மேல் பறந்து பறந்து திட்டின. அவசரமாகத்தான் வேலை செய்தேன். மழைக்கோட்டுத் துண்டை அவிழ்த்து ஜேபியில் திணித்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை ஓட்டைக்குள் பார்த்தேன். மூன்று குஞ்சு. நடுவில் இருந்தது மட்டும் பயப்படாமல் என்னைப் பார்த்தது. அதன் பிடரியிலும் மஞ்சள் முளைத்து, குட்டித் துடைப்பம் மாதிரி நின்றது. "இருங்க, உங்க அப்பன் வருவாரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

காலையில் தலைவர் வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார், காலால் உதைத்தும் பார்த்தார். பந்தல்காரர்களைக் கூப்பிட்டு இடத்தை மாற்றச் சொன்னார். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தினோம். அன்று சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். என் கையிலும் கட்டினார்கள். கும்பிடும்போது வாயில் எல்லாம் வந்தது.

திருவிழாக் கொட்டு முழங்க முழங்க அந்தக் குடும்பம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. உறுமி அடிக்கும்போது மட்டும் அப்பன் மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய் ஒளிந்துகொள்ளும். அடி நின்றால் எட்டிப் பார்க்கும். பிறகு ஊட்ட வரும்போது முன்னைப் போல உடனே ஊட்டுவதில்லை. ஓட்டைக்கு ஒரு குதி கீழேயே நின்றுகொள்ளும். குஞ்சு எட்டி எட்டிப் பார்த்துக் கத்தும். எட்டி வந்தால் சோறு, வராவிட்டால் இல்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு அப்பன் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அப்படித்தான் முதல் குஞ்சு வெளியே வந்தது. ஒரே பாய்ச்சலில் ஓடைப் பக்கம் போய் மரத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் அதே நாள் போனது. மூன்றாவது போகவில்லை.

பால்குட நாள் காலையிலும் அது ஓட்டை வாயில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கா தலையில் குடத்தோடு வந்தார், அபிஷேகம் முடிந்தது, அன்னதானப் பந்தி உட்கார்ந்தது. நான் சாம்பார் வாளியோடு பந்தியில் போய்க்கொண்டிருந்தபோது சம்சாரம் கத்தினாள்.

"ஏங்க! வந்துருச்சு! வெளிய வந்துருச்சு!"

வாளியோடு வெளியே ஓடினேன். குஞ்சு ஓட்டைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆத்தாள் ஓடை மரத்திலிருந்து கூப்பிட்டது. குஞ்சு பிடியை விட்டது. விழுகிற மாதிரி விழுந்து, சிறகை அடித்து, ஓடைப் பக்கம் போகாமல் எங்கள் தலைக்கு மேலே வந்து, கோயில் கோபுரத்தில் சுதைச் சிங்கத்தின் மார்பில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதும் சிங்கத்தை இரண்டு கொத்துக் கொத்தியது.

"டேய், புது பெயின்ட்டுடா!" என்று தலைவர் கத்தினார். "விரட்டாதீங்க, விரட்டாதீங்க, அதுவா போவட்டும்" என்றும் அவரேதான் கத்தினார். பந்தியே இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தது. அக்கா ஈரப் புடவையோடு நின்று கையெடுத்துக் கும்பிட்டார். இந்தத் தடவை அவர் கும்பிட்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆத்தாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. குஞ்சு சிங்கத்திலிருந்து தாவி, இந்தத் தடவை நேராகவே பறந்து, அதனிடம் போய்ச் சேர்ந்தது.

காப்பு அவிழ்த்த பிறகு மரத்தை வெட்டினேன். வெட்டத்தான் வேண்டும், அடி செல்லரித்திருந்தது. இரண்டு நாள் கழித்து ஓடைப் பக்கம் ஒரு கிளை கழிக்கப் போனபோது அந்தக் குடும்பத்தைப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன. ஆத்தாள் இரண்டைக் கூட்டிக்கொண்டு தேயிலைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்பனுக்குப் பின்னால் ஒன்று வாயைத் திறந்து திறந்து ஏறிக்கொண்டிருந்தது. அப்பன் ஊட்டவில்லை. பட்டையை ஒரு கொத்துக் கொத்திப் பெயர்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. குஞ்சு கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு பெயர்ந்த இடத்தைத் தலை சாய்த்துப் பார்த்தது. நாக்கை நீட்டியது. எறும்பு ஒட்டிக்கொண்டு வந்தது.

நான் மிஷினைக் கீழே வைத்துவிட்டு, அது இரண்டாவது எறும்பையும் எடுக்கிற வரைக்கும் நின்றேன்.